தாஷ்கண்டில் நான் கீறிய நேர்க்கோடு

தில்பார் செருப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். கைப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தைக் கடலுக்குள் இறங்கினாள். தண்ணீர் அவளுடைய கணுக்காலைத்தான் தொட்டது. ஆனால் வெள்ளம் போகிற ஆற்றைக் கடக்கப் போகிறவள் மாதிரி முகம் இறுகியிருந்தது.

காலை ஏழு மணி இருக்கும். என் தொடர்மாடியிலிருந்து நடந்து வந்து, ரெயில் பாதையைத் தாண்டி, கருங்கற்களில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கியிருந்தோம். எழுபதை எட்டிப் பிடிக்கப் போகிற இரண்டு பெண்கள். காலை நடைக்கு வந்த ஒரு கனவான் தன் நடையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தில்பாரின் ஊர் தாஷ்கண்ட், உஸ்பெகிஸ்தானின் தலைநகரம். அந்த நாட்டிலிருந்து கடலுக்குப் போவதென்றால் எந்தத் திசையில் போனாலும் குறைந்தது இரண்டு எல்லைகளைத் தாண்ட வேண்டும். அவள் வாழ்நாளில் கால் நனைத்த முதல் கடல் எங்கள் வெள்ளவத்தைக் கடல்தான்.

"உப்புத்தான்," என்றாள், விரலை நக்கிப் பார்த்து. "புத்தகத்தில பொய் எழுதேல்லை."

அவள் பேசியது ரஷ்ய மொழி. நாங்கள் இருவரும் ஒன்றாகப் படித்த மொழி அது. ஆனால் அவள் பேச்சு என் காதில் எப்போதும் கொழும்புத் தமிழாகத்தான் விழும். விழுந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

அலையைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே அவள் கேட்டாள்.

"பிலா, நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க அந்த ரோட்டை நேராக் கீறினது நீதானே?"

கோட்டைக்குப் போகும் அலுவலக ரெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் தடதடத்துக்கொண்டு வந்தது. அது போய் முடியும்வரை பதில் சொல்லாமலிருக்க எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

வாள் என்று ஒரு பெயர்

கிழமைதோறும் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: நான் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்த பிலோமினா. அப்பா துறைமுகத்தில் கிளார்க். கத்தோலிக்கக் கோயில் கோபுரம் தெரிகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. ஒழுங்கை முழுவதற்கும் ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். விடிய முன்னமே அம்மா வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவாள்.

அப்பாவின் தொழிற்சங்கத்துக்கு வந்த ஒரு விண்ணப்பப் படிவம் என் தலையெழுத்தை மாற்றியது. சோவியத் நாட்டில் நகர் அமைப்புப் படிக்கப் புலமைப்பரிசில். செய்தி வந்த அன்றைக்கே அம்மா கோயிலுக்கு ஓடினாள்.

"சுவாமி, கடவுள் இல்லை எண்டு சொல்ற நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாமோ?"

சுவாமியார் சொன்னார்: "கடவுள் அங்கயும் இருப்பார். நீங்க பிள்ளைக்குத் தடிச்ச காலுறை வாங்கிக் குடுங்க."

தாஷ்கண்டில் முதல் வகுப்பில் எழும்பி நின்று பெயரைச் சொல்லச் சொன்னார்கள். வீட்டில் என்னைப் பிலா என்று கூப்பிடுவார்கள் என்று, மனப்பாடம் செய்து வைத்திருந்த ரஷ்யத்தில் சொன்னேன். வகுப்பே மேசையில் தலையை வைத்துச் சிரித்தது. ரஷ்ய மொழியில் பிலா என்றால் மரம் அறுக்கிற வாள். இன்னொரு அர்த்தத்தில் 'அவள் குடித்தாள்'.

சிரிக்காத ஒருத்தி முன் வரிசையில் இருந்தாள். இரண்டு பின்னல், மைக்கறை படிந்த விரல்கள். "நல்ல பெயர். உன்னோட ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்," என்று சொல்லித் தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். அன்றைக்கு உட்கார்ந்தவள் படிப்பு முடியும்வரை அந்தக் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

டிராம் ஓட்டுநர் சொன்ன பெயர்கள்

தில்பாரின் தகப்பனார் டிராம் ஓட்டுநர். பெயர் ரஹீம். அவரை எல்லோரும் 'ரஹீம் அக்கா' என்று கூப்பிட்டார்கள். உஸ்பெக் மொழியில் அக்கா என்றால் அண்ணன். பெரிய மீசை வைத்த ஒரு மனிதரை முகத்துக்கு நேரே அக்கா என்று கூப்பிட எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். அவர் நான் நல்ல சந்தோஷமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நகரத்தின் சரித்திரத்தை நான் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கு முன்னமே அவருடைய டிராமில் படித்துவிட்டேன். தரிப்பிடம் வரும்போது முதலில் சட்டப்படி உள்ள பெயரைச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதற்கு முந்திய பெயர். பிறகு அதற்கும் முந்திய பெயர்.

"புரட்சிச் சதுக்கம். முன்னம் தளபதி சதுக்கம். அதுக்கு முன்னம் ஒரு ஆள்ட முலாம்பழத் தோட்டம்."

ஜார் மன்னரின் படை வருவதற்கு முன் தாஷ்கண்டைச் சுற்றி மண்மதிலும் பன்னிரண்டு வாசல்களும் இருந்தனவாம். உள்ளே வளைந்து வளைந்து போகிற ஒழுங்கைகள். படை வந்து பிடித்தது. ஆனால் பிடித்தவர்கள் அந்த ஒழுங்கைகளுக்குள் வாழ வரவில்லை. அன்ஹோர் என்ற கால்வாய்க்கு அந்தப் பக்கம் தங்களுக்கென்று புதிய நகரம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். நேரான தெருக்கள், செங்கல் மாளிகைகள், இரண்டு பக்கமும் நிழல் மரங்கள், மரங்களின் காலடியில் சலசலக்கிற சிறு வாய்க்கால்கள்.

ரஹீம் அக்கா இதைச் சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரிலும் பிடிக்க வந்தவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். அதற்கு வெளியே புறக்கோட்டை. அதற்கும் வெளியே கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், நாங்கள்.

பிறகு சோவியத் ஆட்சி. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது, நூற்பாலையில் வேலை வந்தது, நாடக அரங்கு வந்தது. மசூதிகள் பல களஞ்சியங்களாயின. சதுக்கத்தில் சிலையாக நின்ற தளபதி இறங்கினார். வேறொரு தலைவர் ஏறினார். அவரும் இறங்கி, தாடி வைத்த ஒரு தத்துவஞானியின் தலை ஏறியது. இப்போது அங்கே ஒரு பழைய அரசர் குதிரையில் இருக்கிறாராம். இத்தனை பேருக்கும் குடை பிடித்து நின்றவை அங்கிருந்த பெரிய மரங்கள். ஒரு நாள் அவற்றையும் வெட்டிவிட்டார்கள் என்று தில்பார் எழுதியிருந்தாள். அதை எழுதியபோது மட்டும் அவள் எழுத்து கோணியிருந்தது.

எழுத்து என்றதும் நினைவு வருகிறது. தில்பாரின் தாத்தா எழுதியது அரபு எழுத்தில். தகப்பனார் லத்தீன் எழுத்தில் படிக்கத் தொடங்கி ரஷ்ய எழுத்தில் படிப்பை முடித்தார். தில்பாருக்கு ரஷ்ய எழுத்து மட்டும். அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கு மறுபடியும் லத்தீன்.

"எங்கட வீட்டில ஒராள் எழுதினதை மற்ற ஆள் வாசிக்கேலாது," என்பாள் தில்பார். "அதால குடும்பத்தில சண்டை குறைவு."

போன கிழமை தாஷ்கண்டில் பாண் வாங்க நின்ற வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஹெந்தளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார், அந்த நாட்டில் ஆட்கள் சிரிப்பார்களா என்று. சிரிப்பார்கள், தாயே. சில பகிடிகளுக்கு முன்னால் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலம் நடுங்கிய கதையைக்கூடத் தில்பார் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. விடியப்புறம் நகரம் குலுங்கியது. நடுநகரில் வீடுகள் வரிசையாகச் சரிந்தன. தில்பார் வீட்டில் ஒரு சுவரில் மட்டும் வெடிப்பு. ஆனாலும் பயத்தில் அந்தக் கோடைகாலம் முழுக்க எல்லோரும் கூடாரங்களில் படுத்தார்கள். நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் கட்டடத் தொழிலாளிகள் ரெயில் ரெயிலாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு குடியரசுக்காரரும் தங்களுக்குப் பிடித்த கோலங்களோடு ஆளுக்கொரு பகுதியைக் கட்டினார்கள். இடைவேளையில் அக்கோர்டியன் வாசித்தார்கள். தில்பாருக்கு அது ஒரு நீளமான திருவிழா.

பாதி நிரப்பிய கிண்ணம்

அவர்களுடைய வீடு கால்வாய்க்கு இந்தப் பக்கம், பழைய நகரத்தில். மண்சுவர், மரக்கதவு. கதவைத் திறந்தால் நடுவில் முற்றம், மேலே திராட்சைப் பந்தல், மூலையில் ஒரு முசுக்கொட்டை மரம். மே மாதத்தில் அதன் பழம் விழுந்து முற்றமே ஊதாவாகிவிடும்.

முதல் நாள் தில்பாரின் தாயார் ஸைனப் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கிண்ணத்தில் பாதிகூட இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு விருந்தாளிக்கு இப்படி ஊற்றிக் கொடுத்தால் ஒழுங்கை முழுக்கக் கதை பரவும். நான் குடித்து முடிக்க மறுபடியும் பாதி. மறுபடியும் பாதி. திரும்பி வரும்போதுதான் தில்பார் சொன்னாள், கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் 'குடிச்சிட்டுப் போ' என்று அர்த்தமாம். பாதி ஊற்றினால் திரும்பத் திரும்ப ஊற்ற ஆசை என்று அர்த்தமாம்.

அந்த வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து ஓடிப் போய் அந்தப் பந்தலின் கீழ் இருந்து படம் கீறுவேன். ஒழுங்கை முனையில் இருந்த பைப்பிலிருந்து ஸைனப் இரண்டு வாளிகளில் தண்ணீர் தூக்கி வருவார். அதையும் கீறியிருக்கிறேன். பனி விழுந்த தரையில் சிவப்புச் சால்வையோடு அவர் வருகிற படம் நன்றாக வந்திருந்தது.

மூன்றாம் மாடி ஜன்னல்

கடைசி வருடம் எங்களுக்கு ஒரு பரீட்சை வரைபடம் தந்தார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து செய்யலாம். புதிய நகரத்திலிருந்து பழைய நகரத்துக்குள் ஓர் அகலமான சாலை வர வேண்டும். எந்த வழியால் வரலாம் என்று கீற வேண்டும். நல்ல படத்தை நகரசபை அப்படியே எடுத்துக் கட்டும் என்று மாணவர்களுக்குள் ஒரு கதை இருந்தது.

தந்த பகுதியைப் பார்த்ததும் தில்பார் அதில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். தில்பாரின் ஒழுங்கை அதற்குள்தான் இருந்தது.

தில்பார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சாலையைக் கால்வாய் ஓரமாக வளைத்துக் கொண்டுபோனால் ஒழுங்கை தப்பும். ஆனால் இன்னொரு பாலம் வேண்டும். பென்சிலில் அந்த வளைவை இருவரும் சேர்ந்து கீறினோம். மை போடத் தொடங்கிய கிழமை தில்பாருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். அவள் மூன்றாம் மாடி. நான் கீழே தெருவில் நின்று கூப்பிடுவேன். அவள் ஜன்னலைத் திறந்து ஒரு நூலில் வலைப் பையைக் கட்டி இறக்குவாள். நான் ஆப்பிளும் பாடக் குறிப்பும் வைத்து அனுப்புவேன். அந்தத் தெருவில் அப்படிப் பத்துப் பதினைந்து நூல்கள் தொங்கும். ஒருத்தருடைய பை இன்னொருத்தரிடம் போய்ப் பெரிய பகிடிகள் நடக்கும்.

அப்போதுதான் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. துறைமுகத்தில் ஒரு பெட்டி சரிந்து அப்பாவின் கால் முறிந்துவிட்டது. 'உன்னைப் பாக்கோணும் எண்டு கேக்கிறார்' என்று அம்மா எழுதியிருந்தாள்.

எங்கள் பேராசிரியை லிதியா பாவ்லொவ்னா என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனுஷி அல்ல. "வளைவு அழகா இருக்கு," என்றார். "ஆனா பாலத்துக்கு ஒருத்தரும் சம்மதிக்கமாட்டினம். பரீட்சைக் குழுவில இதைத் திருப்பி அனுப்புவினம். பிறகு நீ குளிர்காலம் வரைக்கும் இருந்து திருப்பிச் செய்யோணும். நேராக் கீறினா ஆடியில வீட்டுக்குப் போகலாம்."

நான் அன்று பின்னேரம் இரும்பு அடிமட்டத்தை வைத்தேன். பென்சில் வளைவை அழித்தேன். நேராக ஒரு கோடு. முற்றத்தின் மேல், பந்தலின் மேல், முசுக்கொட்டை மரத்தின் மேல். மை காய ஐந்து நிமிடம் எடுத்திருக்கும்.

பரீட்சையில் எனக்கு ஆக உயர்ந்த புள்ளி, அதிவிசேட சித்தி கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் ஜன்னலடிக்குப் போகவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு கிழமை போயிற்று. விமான நிலையத்துக்குப் போன பஸ் அந்த ஆஸ்பத்திரித் தெருவால்தான் போனது. நான் மற்றப் பக்கத்து ஜன்னலால் ஒரு வெறும் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னக் கடிதங்கள்

ஊருக்கு வந்தேன். அப்பாவின் கால் கூடியது. ஓர் அரச அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது.

தில்பாரிடமிருந்து கடிதம் வந்தது. 'உடம்பு சுகம். நாங்கள் வீடு மாறிவிட்டோம். புதிய விலாசம் கீழே.' மாடிக் கட்டட இலக்கமும் வீட்டு இலக்கமும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. அந்த மூன்று வரியை நான் முந்நூறு தடவை வாசித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதற்குள் எனக்கு ஓர் ஏச்சுக் கேட்டது.

கொழும்பில் எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகள் எரிந்த, எண்பத்துமூன்றாம் வருடத்து ஆடி மாதத்துக்குப் பிறகு இன்னொரு கடிதம். 'ரேடியோவில் கேட்டேன். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. குடும்பத்தோடு வா.' நாங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களவரின் குசினியில் இருந்து தப்பியிருந்தோம். 'சுகமாக இருக்கிறோம், நன்றி' என்று மட்டும் பதில் போட்டேன். நான் கோடு கீறித் துரத்திய குடும்பம் எனக்கு அறை தருகிறது. வேறு என்னத்தை எழுத?

பிறகு அந்த நாடே உடைந்தது. கடிதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஐதாகி, வருடத்துக்கு ஒன்றாகி, நின்றுபோயின. போன வருடம்தான் தில்பாரின் மகள் கைத்தொலைபேசியில் என்னைத் தேடிப் பிடித்தாள். தாய் ஒரு சுற்றுலாக் குழுவோடு இலங்கைக்கு வருகிறாளாம். குழு யானை பார்க்கப் போகட்டும், தான் பிலாவைத்தான் பார்க்க வேண்டும் என்கிறாளாம்.

முழங்கால் நனைந்தபோது

ரெயில் போய்விட்டது.

"ஓம்," என்றேன். "நான்தான் கீறினனான். வளைவை அழிச்சதும் நான்தான். நான் அதை அழிக்காம விட்டிருந்தா உங்கட வீடு தப்பியிருக்கும்."

தில்பார் மெதுவாகத் திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தலைமேல் இருந்த கைப்பை குலுங்கியது.

"பிலா, படிப்பு முடிச்சு வேலைக்குப் போன முதல் கிழமையே நான் அந்த ரோட்டின்ட மூலப் படத்தைத் தேடி எடுத்தனான். அந்தக் கோடு எப்ப போட்டது தெரியுமோ? நாங்கள் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க. எங்களுக்குத் தந்தது வெறும் பரீட்சை. உன்ட படம் பல்கலைக்கழக நிலவறையில கிடந்தது. ஒரு மூலையை எலி திண்டிருந்தது."

தில்பார் என் தோளில் தட்டினாள்.

"இவ்வளவு காலமும் நீ ஒரு நகரத்தை இடிச்ச பெரிய ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனியோ?"

"ஸைனப் ஓபா?" என்று கேட்டேன். நாங்கள் அக்கா என்று சொல்வதற்கு அவர்கள் மொழியில் ஓபா. "அவ எவ்வளவு அழுதிருப்பா."

"அம்மாவோ? புது வீட்டில முதல் நாள் குசினிப் பைப்பைத் திறந்தா. சுடுதண்ணி வந்தது. கையை நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் நிண்டவ. அழுதது அப்பா. கட்டில்ல இருந்து அழுதுகொண்டே இருந்தார். ஒரே வீட்டில ஒராள் அழ, ஒராள் சிரிக்க." அவள் என் பக்கம் ஓர் அடி வைத்தாள். "நீயும் பைப்படியில வளந்தனான் எண்டு சொன்னனியே. எங்கட அம்மா பனியில வாளி தூக்கினது உனக்கு மட்டும் எப்பிடி அழகாத் தெரிஞ்சது?"

சிவப்புச் சால்வை போட்ட அந்தப் படம் என் கண்ணுக்குள் வந்தது.

ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் உருண்டு கடலுக்குள் போன மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன். நான் சிரிக்கிறதைப் பார்த்து அவள் நிறுத்திவிட்டாள்.

"நில். எனக்கு உன்னில கோவம்தான். அது வேற கோவம்."

"என்ன?"

"நீ பிளேனில போற நாளை எனக்கு நேர்ஸ் சொன்னவ. காலையில இருந்து ஜன்னல்ல நிண்டனான். நூலையும் இறக்கிவிட்டனான். பின்னேரம் வரைக்கும் நூல் தொங்கினது. வேற ஆரோ ஒரு கிழவன் பாவம் பாத்து அதில ஒரு பாண் துண்டை வச்சு விட்டார்."

அலை வந்து போனது.

"உன்ட முகத்தைப் பாக்க எனக்குப் பயமா இருந்தது, தில்பார்."

"பயமா இருக்கு எண்டு ஒரு துண்டில எழுதி அந்தப் பையில போட்டிருக்கலாம். வீடு போனால் வேற வீடு தந்தவை. சிநேகிதி போனதுக்கு ஆர் என்ன தந்தது?"

மன்னித்துவிடு என்று ரஷ்ய மொழியில் சொன்னேன். தமிழிலும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை எங்கள் இருவரையும் முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. மேலே நின்ற கனவான் சிங்களத்தில் ஏதோ எச்சரித்தார்.

"எனக்குப் பசிக்குது," என்றாள் தில்பார்.

காலி வீதியில் தோசை சாப்பிட்டோம். வாசலில் செவ்விளநீர் விற்கிறவரிடம் நான் சிங்களத்தில் விலை கேட்க, அவள் ரஷ்யத்தில் பேரம் பேசினாள். அவர் என் சிங்களத்தைவிட அவளுடைய ரஷ்யத்தை நன்றாக விளங்கிக்கொண்டார். அவள் அவரோடு சிரித்தாள். என்னோடு அளவாகத்தான் கதைத்தாள்.

ஒன்பதாம் மாடியில் ஒரு வழக்கு

அடுத்த நாள் அவளை முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போனேன். என் தம்பி மனைவி ரெஜினா மச்சாள் அங்கே ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். தம்பி காலமாகிவிட்டான். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையைச் சில வருடங்களுக்கு முன் அப்புறப்படுத்தியபோது ஒழுங்கை முழுவதையும் அந்த மாடிகளில்தான் ஏற்றினார்கள்.

தில்பார் வாசலில் இருந்தே நகர் அமைப்பாளராக மாறிவிட்டாள். லிஃப்ட்டின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தாள். குசினிப் பைப்பைத் திறந்து மூடினாள். ஜன்னலால் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துத் தலையாட்டினாள். ரெஜினா அவளுக்குப் பின்னாலேயே திரிந்து குறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். உடுப்புக் காய இடமில்லை. பின்னேரத்தில் வெளியே இருந்து கதைக்க ஒரு படிகூட இல்லை. அதனால் பெண்கள் எல்லாரும் லிஃப்ட்டுக்கு முன்னால் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருக்கிறார்கள்.

"ஆனா மச்சாள்," என்று முடித்தாள், "உள்ளுக்கே கக்கூஸ் இருக்கு. மழையில குடை பிடிச்சுக்கொண்டு போகத் தேவையில்லை. அதைச் சொல்லாமவிட்டா பாவம்."

நான் மொழிபெயர்த்தேன். தில்பார் ரெஜினாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தன் தகப்பனார் நாலாம் மாடிக்குத் திராட்சைக் கொடியை ஏற்றிய கதையைச் சொன்னாள். நிலத்தில் நட்டு, கயிறு கட்டி, நாலு வருடம் பொறுத்து, கடைசியில் குசினி ஜன்னலால் கையை நீட்டிக் குலை பறித்தாராம்.

நண்டுக் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தபோது ரெஜினா என்னைப் பார்த்தாள். "உங்கட சிநேகிதி உங்களோட ஏன் ஒரு மாதிரி இருக்கிறா?"

மறைக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுடைய கை சோற்றுக் கோப்பையில் அசையாமல் நின்றது.

"ஆஸ்பத்திரியில கிடந்த பிள்ளையிட்ட ஒரு சொல்லுச் சொல்லாம வந்தனீங்களோ? உங்களுக்கு நெஞ்சில என்ன கல்லோ? நானெண்டா இந்தச் சோத்துப் பக்கமே வந்திருக்கமாட்டன். படிச்சவ எண்டு எங்கட வீட்டில உங்களைத் தலையில வச்சுக் கொண்டாடினது."

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் தில்பார்.

"ஒண்டுமில்லை. குழம்பு உறைப்போ எண்டு கேக்கிறா."

"பொய். இவ்வளவு நீளமாக் குழம்பைப் பற்றி ஒருத்தரும் கதைக்கமாட்டினம். ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."

என்னை ஏசிய ஏச்சை நானே ரஷ்யத்தில் சொன்னேன். நெஞ்சில் கல் என்பதுவரை சொன்னேன். தில்பார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், நல்ல சங்கீதம் கேட்கிறவள் மாதிரி.

"அந்தக் கல்லு வாற இடத்தை இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"இவ நல்ல மனுஷி," என்றாள் தில்பார். பிறகு நண்டுக் கால் ஒன்றை எடுத்து உடைத்து, சதையை என் கோப்பையில் வைத்தாள். ரெஜினா அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு மறுபடியும் சாப்பிடத் தொடங்கினாள். ரஷ்யமும் தெரியாமல் தமிழும் தெரியாமல் அந்த இரண்டு பேரும் எப்படித்தான் ஒரு வழக்கை விசாரித்து முடித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கட்டுநாயக்காவில்

அவள் போகிற நாள் மத்தியானம் விமான நிலையத்துக்குப் போனோம். வழி முழுக்கத் தில்பார் என்னைப் பழக்கினாள்.

"இந்த முறை ஒழுங்காச் சொல்லோணும். அவசரப்படக்கூடாது. மற்றப் பக்கம் பாக்கக்கூடாது."

வாசலில் நின்று ஒழுங்காகச் சொன்னேன். கட்டிப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, போய் வா என்று ரஷ்யம், உஸ்பெக், தமிழ் மூன்று மொழியிலும் சொன்னேன். இருவரும் அழுதோம். பாதுகாப்பு ஊழியர் ஒருவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் உள்ளே போனாள்.

பதினைந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. விமானம் தாமதமாம். நான் இன்னும் வாசலில்தான் நின்றேன். அவள் அந்த ஊழியரோடு ரஷ்யத்தில் வாதாடி, கடைசியில் 'அய்யே', அதாவது அண்ணா, என்று தான் கற்றுக்கொண்டு வந்த ஒரே ஒரு சிங்களச் சொல்லையும் போட்டு, வெளியே வந்துவிட்டாள். பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். மறுபடியும் கட்டிப் பிடித்தோம், மறுபடியும் அழுதோம். மறுபடியும் உள்ளே போனாள்.

மறுபடியும் தொலைபேசி. இன்னும் இரண்டு மணித்தியாலம் தாமதம். இந்த முறை அந்த ஊழியர் தானாகவே கதவைத் திறந்துவிட்டு எங்களுக்கு இரண்டு கதிரையும் காட்டினார்.

கடைசியாக அவளுடைய விமானத்தைக் கூப்பிட்டபோது நான் எழும்பிக் கையை விரித்தேன். சொல்ல வேண்டியதை முதலிலிருந்து தொடங்கினேன். தில்பார் ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"போதும், பிலா," என்றாள். "வடிவாச் சொல்லிப்போட்டாய். இனி வீட்ட போ. எனக்குக் கால் நோகுது."